கேசகலி போட்டியில்லாமல் ஜெயித்தது

கேசகலியும் நானும் ஒரே ரயிலில் விறகு கொண்டுபோனவர்கள். காட்டில் வெட்டிய கட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு மாணிக்பூர் நிலையம் வரை நடப்போம். பாசஞ்சர் வண்டியின் கழிவறைப் பக்கம் கட்டுகளைப் போட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்து, விற்பதற்காகக் கர்வி டவுனுக்குப் போவோம். பரிசோதகர் வந்தால் நாங்கள் எல்லாரும் முந்தானைக்குள் முகத்தை இழுத்துக்கொள்வோம். அவள் மட்டும் பேசுவாள்.

"டிக்கெட் எனக்கா, கட்டுக்கா? எனக்குன்னா நான் சீட்டுல உக்காரவே இல்ல. கட்டுக்குன்னா, சார், இந்த மரம் ரயிலுக்கு முன்னாடியே இங்க இருந்துச்சு."

பரிசோதகர் சிரித்துவிட்டு இரண்டு கட்டைகளை உருவிக்கொண்டு போய்விடுவார். அந்த வாய்தான் அவளைப் பெரிய ஆளாக்கியது. கேட்டையும் அதுதான் கொண்டுவந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவள் வாயே திறக்காதிருந்தாலும் நடப்பது நடந்துதான் இருக்கும்.

எங்கள் தெருவான கருவாபுர்வாவில் எல்லாரும் கோல் சாதி. என் மாமியார் காலத்திலேயே அரசாங்கம் வீட்டுக்கு வீடு நிலப்பட்டா கொடுத்தது. பட்டா எங்கள் தகரப்பெட்டிக்குள் இருந்தது. நிலம் விசேசர் சிங்கின் ஏருக்கு அடியில் இருந்தது. அவரை நாங்கள் தாவூ என்போம். இங்கே ஜமீன் குடும்பத்து தாக்கூர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும். கேசகலியின் புருஷன் பையாலால் அவருடைய பண்ணையாள். தன் பேரில் பட்டா உள்ள நிலத்தையே தாவூவுக்காகக் கூலிக்கு உழுதான். வெட்கப்பட்டானா என்று ஒருமுறை கேட்டேன். "மாடு எதுக்கு வெக்கப்படுது?" என்றான்.

பிறகு லோச்சன். காட்டில் இருந்த கொள்ளைக்காரன். அவன் வானத்திலிருந்து குதித்தவன் அல்ல, பக்கத்து ஊர்க் குடியானவன் மகன். பங்காளிச் சண்டையில் வயல் போய், பொய்வழக்கில் மாட்டி, துப்பாக்கியோடு காடேறியவன். பீடி இலைக் குத்தகைக்காரர்கள் அவனுக்குப் பங்கு கொடுத்தால்தான் காட்டில் இலை பறிக்கலாம். ஒரு கோடையில் எங்கள் பறிகூலியை உயர்த்தச் சொன்னவனும் அவன்தான். போலீசுக்குத் துப்புச் சொன்னதாக எங்கள் தெருக் கிழவர் சித்தனை இலுப்பை மரத்தில் கட்டி அடித்தவனும் அவன்தான். தேர்தலுக்கு முன்னால் அவனிடமிருந்து "பேர் வரும்." எந்தப் பேர் வந்ததோ அந்தப் பேருக்குக் குத்துவோம். எங்கள் எம்.எல்.ஏ. இரண்டு தடவை ஜெயித்தது அப்படித்தான்.

அந்த ஆண்டு எங்கள் ஊராட்சியின் பிரதான் பதவி, அதாவது தலைவர் பதவி, எங்களைப் போன்ற சாதிப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதுவரை தாவூதான் பிரதான். அதற்கு முன்னால் அவர் அப்பா.

காய்ந்துபோன அடிபம்பைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் பெண்களாகவே பேசி முடிவு செய்தோம். யாரும் சொல்லித் தரவில்லை. கேசகலி நிற்கட்டும் என்றோம்.

"ஜெயிச்சா என்னடி பண்ணுவ?" என்று கேட்டேன்.

"நெலத்த அளக்குற ஆள, சங்கிலியோட கூட்டியாருவேன். தாவூ வயல் நடுவுல நின்னு, 'இங்க பிடி, அங்க பிடி'ன்னு நானே சொல்லுவேன்."

மனுத் தாக்கல் செய்தாள். வேறு தெருக்களிலிருந்தும் சிலர் செய்தார்கள். அவர்களில் துஜியா எங்களோடு விறகு கொண்டுவருகிறவள். எதிரெதிரே நின்றாலும் இருவரும் ஒரே பீடியை மாற்றி மாற்றிப் புகைத்தார்கள். கல்யாண வீட்டில் சம்பந்தியைத் திட்டிப் பாடும் மெட்டில் ஒருவரையொருவர் திட்டிப் பாட்டுக் கட்டினார்கள். அந்தச் சில நாட்களைப் போல எங்கள் தெருவில் அதற்கு முன்னும் பின்னும் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. பையாலால்தான் சோறு இறங்காமல் அலைந்தான். "தாவூ ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. அதான் பயமாருக்கு."

ஒரு மத்தியானம் மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்தான். இறங்கக்கூட இல்லை.

"கேசகலி மட்டும் நிக்கும். மத்தவங்க மனுவ வாபஸ் வாங்கிருங்க. லோச்சன் அண்ணன் சொல்லிட்டாரு."

அவ்வளவுதான். எல்லாரும் வாங்கிவிட்டார்கள். துஜியா தாலுகா ஆபீசிலிருந்து நேரே கேசகலி வீட்டுக்கு வந்தாள்.

"ஏண்டி, வாய்விட்டுக் கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே. துப்பாக்கிய ஏன் அனுப்புன?"

"சத்தியமா நான் அனுப்பலக்கா."

"பின்ன அவனுக்கு உன் பேரு எப்படித் தெரியும்?"

"தெரியலக்கா," என்றாள் கேசகலி. பரிசோதகரையே மடக்கிய வாய் அது. அதற்குப் பிறகு துஜியா அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

லோச்சன் அவள் பேரைச் சொன்னதன் காரணம் பின்னால் தாவூ வாயாலேயே வந்தது. "வேற யாரு வந்தாலும் புருஷன்காரன் குறுக்க நிப்பான். பையாலால் நம்ம தொழுவத்து ஆளு." நாங்கள் தேர்ந்தெடுத்தவளை அவரும் தேர்ந்தெடுத்துக்கொண்டார். எங்கள் தேர்வு அதோடு செத்துப்போனது.

போட்டியில்லாமல் ஜெயித்த கேசகலிக்கு மாலை போட்டார்கள், முகத்தில் குலால் வண்ணப்பொடி பூசினார்கள். ஜீப்பில் ஏற்றி ஊர்வலம் விட்டு, தாவூ வீட்டு வாசலில் இறக்கினார்கள். அவள் முற்றத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிரதானின் முத்திரை தாவூவின் சட்டைப்பைக்குள் போனது.

"நெலத்த அளக்கணும் தாவூ," என்றாள்.

அவர் தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, பூ வாடல, அதுக்குள்ள கேக்குது. போ புள்ள, உள்ள பூரி போடுறாங்க, சாப்ட்டுப் போ."

அதன்பின் கைநாட்டு வாங்க மட்டும் ஆள் வரும். எங்கள் தெருப்பேரில் ஒரு அடிபம்பு வந்தது. அதைத் தாவூவின் மாட்டுத்தொழுவத்தில் இறக்கினார்கள். கேசகலி விறகுக்கு வருவதும் நின்றது. பிரதான் விறகு சுமந்தால் தனக்கு அவமானம் என்று தாவூ தடுத்துவிட்டார். மாவுக்கு மட்டும் எங்களிடம் கடன் கேட்டு வருவாள்.

அடுத்த ஆண்டு மலைக்கோயிலில் லோச்சன் அன்னதானம் வைத்தான். பட்டப்பகலில்தான். எம்.எல்.ஏ. வந்தார், தாவூ வந்தார், சுற்றுவட்டம் முழுக்க வந்தது. லோச்சனை அன்றுதான் அருகில் பார்த்தேன். குள்ளமான ஆள். மலேரியாவில் கண் மஞ்சளாகி, கால் வீங்கி, சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல், கேசகலி நேரே அவன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, கேக்காமயே என்ன ஜெயிக்க வச்சீங்க. இப்ப ஒண்ணு கேக்குறேன்."

"கேளு."

"தாவூ எங்க நெலத்த விடணும். பட்டா எங்க பேர்ல இருக்கு."

அவன் எம்.எல்.ஏ. பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "சாப்ட்டியா?"

"இல்ல."

"சாப்புடு. இந்தப் பூரி யாரு வீட்டு மாவுன்னு தெரியுமா? காட்டுல என் ஆளுங்க திங்கிறதும் அதே மாவுதான். தோட்டா வர்றதும் அதே வீட்டு வழியாதான். தாவூவ நெலத்த விடச் சொன்னா, நான் எங்க படுத்திருக்கேன்னு மறுநாளே போலீசுக்குத் தெரிஞ்சுரும்."

"அப்ப எதுக்கு அந்தத் துப்பாக்கி?"

லோச்சனுக்குக் கோபம் வரவில்லை.

"உங்களுக்குக் காட்டத்தான்," என்றான். "அவங்களுக்குக் காட்டுற துப்பாக்கி எவன்கிட்டயும் இல்ல. போ, போய்ச் சாப்புடு."

அதற்கடுத்த சட்டசபைத் தேர்தலில் ஆட்சி மாறியது. எங்கள் எம்.எல்.ஏ. தோற்றார். ஜெயித்தவருக்கு ரயில் ஸ்டேஷனில் முதல் மாலை போட்டவர் தாவூ. அந்த மழைக்காலம் முடிவதற்குள் லோச்சனை போலீஸ் சுட்டுக் கொன்றது. தாவூவின் சோளக்காட்டில் வைத்துத்தான். யார் சொன்னது என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

செத்தவனுக்குச் சோறு போட்டவர்கள் என்று சிலரைப் போலீஸ் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் புகுந்தார்கள். ஆண்களில் சிலரையும் கேசகலியையும் ஏற்றினார்கள். தாரோகா, அதாவது இன்ஸ்பெக்டர், எங்கள் முன்னாலேயே கேட்டார்.

"ஒருத்தரும் எதுக்க விடாம உன்ன ஜெயிக்க வச்சிருக்கான். அன்னதானத்துல பக்கத்துல உக்காந்து பேசியிருக்க. நீ அவனுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்ல சார். நான் ஓட்டு வாங்கி ஜெயிக்கணும்னுதான் நின்னேன்."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். அன்னதானத்தில் அவள் பேசியதற்குச் சாட்சி சொன்னவன் தாவூவின் பண்ணை மேஸ்திரி.

இரண்டு பீடி இலைப் பருவம் கழியும்வரை அவள் ஜெயிலில் கிடந்தாள். கடைசியில் ஜாமீன் கிடைத்தது, ஆனால் நிலம் உள்ளவர்கள் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். நாங்கள் தகரப்பெட்டிகளைத் திறந்து பட்டாக்களை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனோம். குமாஸ்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு உங்களுது. அனுபவம் யாருது?"

நாங்கள் தாவூ பேரைச் சொன்னோம்.

"அனுபவிக்கிறவன வரச் சொல்லு," என்று பட்டாக்களைத் திருப்பி நீட்டினார்.

பையாலால் தாவூவின் காலில் போய் விழுந்தான். தாவூ அன்பாகவே பேசினாராம். "நம்ம பிரதானு, விட்டுருவேனா?" ஜாமீன் நின்றார். வழக்கு முடியும்வரை பையாலாலுக்குக் கூலி இல்லை, சாப்பாடு மட்டும். பட்டா அவர் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்றும் சொன்னாராம். பையாலால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

வெளியே வந்த அன்றுதான் கேசகலிக்கு இது தெரிந்தது. புருஷன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். அவன் தடுக்கவில்லை.

"நீ உள்ளயே கெடந்திருந்தா பட்டா இருந்திருக்கும்," என்றான் அழுதுகொண்டே. "எது வேணும்னு எனக்குத் தெரியல."

அவள் கையை இறக்கிவிட்டாள். அவளுக்கும் தெரியவில்லை போலிருந்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாளில் தாவூவின் ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து போவாள். சாட்சி வராது, வேறு தேதி கொடுப்பார்கள், அதே ஜீப்பில் திரும்புவாள். இப்போதைய பிரதான் தாவூ வீட்டு வேலைக்காரி. அவள் பேரையும் ஒரு மோட்டார் சைக்கிள்தான் கொண்டுவந்தது. காட்டில் இப்போது வேறொருவன் இருக்கிறான்.

மற்ற நாட்களில் அவள் மறுபடி எங்களோடு விறகுக்கு வருகிறாள். முதல் நாள் வண்டியில் துஜியாதான் பேச்செடுத்தாள்.

"அடிச்சாங்களாடி?"

"மொதல்ல அடிச்சாங்க. அப்புறம் மறந்துட்டாங்க." தன் கட்டின் கயிற்றை இறுக்கினாள். "அங்க காலைல கொழாயில தண்ணி வரும்க்கா. நின்ன எடத்துலயே குளிக்கலாம். தூக்கவே வேணாம்."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. "அடுத்த தடவ போறப்ப எங்களையும் கூட்டிப் போடி," என்று யாரோ சொன்னார்கள். பெட்டியே சிரித்தது. பிறகு ஒவ்வொருத்தியாக நிறுத்தினோம். துஜியா தன் கட்டின் மேல் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.