உரக்கடைக்காரர் வீட்டு மாப்பிள்ளை

கோவில்பட்டியில் பருத்திப் புழுவுக்கு மருந்து விற்கும் அண்ணாச்சி அவர். எதைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் பார்ப்பார். விவசாயி நீட்டும் இலையை மட்டுமல்ல, தின்னப்போகும் கடம்பூர் போளியையும்கூட. "கள்ளப்பய அடியிலதான் இருப்பான்" என்பார்.

வீட்டில் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் கலந்து, பூப்போல விரியும் கடற்பவளம் வளர்த்தார். ஒருநாள் நான் போனபோது அது பூக்காமல் சுருங்கிக் கிடந்தது. அதன் அடியில் தட்டைப்புழுக்கள் அப்பியிருந்தன.

"கடையில இத்தனை மருந்து இருக்கே, அண்ணாச்சி?"

"ஒரு சொட்டு விழுந்தாலும் புழுவோட பவளமும் போயிரும். அதான் புழு திங்க மாப்பிள்ளையக் கொண்டாந்திருக்கேன்" என்று விரல்நீள வரிமீன் ஒன்றைக் காட்டினார்.

மாப்பிள்ளை ஒரு புழுவையும் சீண்டவில்லை. வயிறு மட்டும் உருண்டிருந்தது. அண்ணாச்சி தொட்டி மூடியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் தீவனத்தூள் ஒட்டியிருந்தது.

"ஏட்டி, தீனி போட்டியா?"

அடுக்களையிலிருந்து அவர் மனைவி வந்தார். "மாப்பிள்ளைன்னு சொல்லிட்டுப் பட்டினி போட்டா, பாக்கிறவிய என்ன நெனப்பாவ?"

அண்ணாச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு, இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுக்கத் தொடங்கினார். மீன் கண்ணாடியோரம் வந்து வேடிக்கை பார்த்தது.

"மாப்பிள்ளை வந்த வீட்டுல வேலையெல்லாம் மாமனாருக்குத்தான்" என்றார்.

அடுத்த முறை நான் போனபோது பவளம் கொள்ளையாக விரிந்திருந்தது. அவரைப் பாராட்ட வாயெடுத்தேன்.

"எல்லாம் எங்க மாப்பிள்ளை வந்த ராசி!" என்றது அடுக்களைக் குரல்.

அண்ணாச்சி மறுக்கவேயில்லை. எனக்கு வைத்திருந்த போளியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்தபடி நீட்டினார்.