லேட்டு

செருப்பைக் கழற்றிப் பியானோவுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலால் மேடைப் பலகையைத் தட்டிப் பார்க்கிறாள். கட்டைவிரல் தாளத்தோடு போகும். குரல்தான் போகாது.

இருபதுகளின் நடுவில் இருக்கிறாள். பகலில் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை. "கொஞ்சம் உக்காருங்க, இப்பக் கூப்பிட்டுடுவாரு" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைச் சமாதானப்படுத்துவாள். சனிக்கிழமை மாலைகளில் அதே குரலில் ஜாஸ் பாடுகிறாள். எல்லாம் தாத்தா காலத்துக் காதல் பாட்டுகள். புதிதாக ஏதாவது பாடேன் என்றால், "பழசே இன்னும் முடியலையே" என்பாள்.

வாத்தியங்கள் கிளம்பிப் போன பிறகு, ஒரு மூச்சு பொறுத்துத்தான் வரியை எடுப்பாள், நகர்ந்துவிட்ட பஸ்ஸை ஓடிப்போய்த் தொற்றிக்கொள்கிறவளைப் போல. கேட்கிறவர்களுக்குப் பகீரென்றிருக்கும். அதற்குள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். குழுவில் அவளுக்குப் பெயரே 'லேட்டு'. ஒத்திகைக்கு என்னவோ எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பவள் அவள்தான்.

அவள் அப்பாவுக்கு இந்த வித்தை பிடிபடவில்லை. பஸ் ஓட்டுகிறவர்; நேரம் என்றால் நேரம். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். மகளின் முதல் கச்சேரிக்கு வந்தவர், இடைவேளையில் பேஸ் கிட்டார் வாசிப்பவரை ஓரமாகக் கூப்பிட்டு, "பாப்பா கொஞ்சம் பின்தங்குது தம்பி. புதுசு இல்லையா, நீங்கதான் பாத்து மெதுவாப் போகணும்" என்று கேட்டுக்கொண்டார். பேஸ்காரர் அதை இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அன்றிலிருந்து, அப்பா இருக்கிற அரங்கில் அவளால் அந்த ஒரு மூச்சைப் பொறுக்க முடிவதில்லை. முந்திக்கொண்டு தாளத்தின் தலையிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறாள். பிழை இருக்காது, பாட்டும் இருக்காது.

"அவர் வந்தா மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆயிடுது. வராதீங்கன்னு எப்படிச் சொல்றது?" என்று குழுவில் புலம்புவாள்.

இன்றும் வந்திருக்கிறார். சீருடையைக்கூட மாற்றவில்லை. மூன்றாவது வரிசை ஓரத்தில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். மேடையேறும் முன் வெறுங்காலோடு அவரிடம் போகிறாள்.

"அப்பா, பஸ்ஸ எடுத்துட்டீங்க. கண்ணாடியில பாத்தா ஒரு ஆள் ஓடி வர்றாரு. என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன், பிரேக்குல கால வெப்பேன்."

"திட்ட மாட்டீங்களா?"

"திட்டாமலா? ஏறட்டும், அப்புறம் திட்டுவேன்."

"அப்ப நானும் ஏறினப்புறம் திட்டுங்க."

அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. "செருப்பப் போடு, பாப்பா" என்கிறார்.

விளக்குகள் தணிகின்றன. மெதுவான பாட்டு. பியானோ தொடங்குகிறது, பேஸ் அதன் பின்னால் நடக்கிறது. அவள் எடுக்க வேண்டிய இடம் வருகிறது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் மூன்றாவது வரிசையிலேயே இருக்க, வாயைத் திறக்காமல் நிற்கிறாள். இடம் கடந்து போகிறது.

அப்பாவின் நெற்றி சுருங்குகிறது. வலது ஷூ தரையை அழுத்துகிறது, இன்னும் அழுத்துகிறது. அவள் அசையவில்லை.

அந்த ஷூ மெல்ல எழும்புகிறது. சற்றே இடப்பக்கம் நகர்ந்து, அங்கே இல்லாத பிரேக்கின் மேல் பதமாக உட்காருகிறது.