சுடருக்கு எந்தக் கை

பொறாமைப்படுவதில் நான் ஒன்பது வயதிலேயே தேறிவிட்டேன். மலேசியாவின் கேரி தீவில் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மொத்தமே முப்பத்தொரு பிள்ளைகள். ஒரு சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுப்பணி வைத்து, பெற்றோரும் பிள்ளைகளும் கூடிப் பள்ளியின் முன்சுவரில் பெரிய படம் தீட்டுவதென்று முடிவாயிற்று. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய என் அப்பாதான் தலைமை ஓவியர். லோரிக் கதவுகளில் பெயர் எழுதிப் பழகியவர்.

ஓவியரின் மகனுக்கு ஒரு யானையாவது கிடைக்கும் என்று வெள்ளிக்கிழமையே வகுப்பில் அறிவித்திருந்தேன். கிடைத்தது புல். அதிலும் இன்னும் ஐந்து பேர் பங்கு. சுவரின் நடுவே ஆளுயரக் குத்துவிளக்கு. அதன் ஐந்து சுடர்களையும் அடுத்த லயத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார் அப்பா.

ஸ்டூலில் ஏறி நின்ற அவளிடம், "பொறுமையா இழும்மா, அவசரமில்ல" என்றார். என்னிடம் காலையிலிருந்து அவர் சொன்னது ஒன்றுதான்: "டேய், சட்டையில சாயம் படாம அடி."

புல்லடித்தபடியே அவளிடம் குற்றம் தேடினேன். மூன்றாவது சுடரில் அகப்பட்டது. நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன்.

"சார், அந்தப் பிள்ள பீச்சாங்கையால சாமி வெளக்குக்குச் சாயம் அடிக்கிறா சார்."

அவர் வந்து பார்த்தார். "என்னா பிள்ள இது, வெளக்குக்கு அந்தக் கையா? மாத்து."

அவள் கையை மாற்றினாள். பிரஷ் நடுங்கி, மஞ்சள் வழிந்தது. எனக்கு உள்ளே தேங்காய் உடைத்த மகிழ்ச்சி. அது அப்பா திரும்பி என்னைப் பார்க்கும்வரைதான். உடனே ஓடிப்போகத் திட்டம் போட்டேன்: பாலம் தாண்டி, கிள்ளான் பட்டணம் போய், வேறு பெயரில் வாழ்வது. முதல் படியாகக் கழிவறைக்குப் போக அனுமதி கேட்டேன், யாரும் கவனிக்கவில்லை.

அப்பா அவளிடமிருந்து பிரஷை வாங்கினார். அதுவரை எல்லாவற்றையும் வலது கையால் வரைந்தவர், அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வழிந்ததைத் துடைத்துவிட்டு ஒரே இழுப்பில் சுடரை முடித்தார். காற்றுக்கு லேசாகச் சாய்ந்ததுபோல் நின்றது.

"இத அழிச்சிடவா சார்?"

தலைமையாசிரியர் சுடரைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார். "இருக்கட்டும் லா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடுகிற பக்கம் போனார். அப்பா பிரஷை அவளுடைய இடது கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

என்னை அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அதுதான் பயமாக இருந்தது. எனக்குப் புரிந்தது இவ்வளவே: அப்பாவுக்கு இடது கைக்காரர்களைப் பிடிக்கும். ஆகவே சாயங்காலம் அவரை மீட்கும் முயற்சியில் இறங்கினேன். சாப்பிட உட்கார்ந்ததும், அவர் பார்க்கும்படி இடது கையால் சோற்றைப் பிசைந்தேன்.

அம்மா பார்த்துவிட்டாள். சாம்பார்க் கரண்டி என் விரல்மூட்டில் இறங்கியது.

அடி விழுந்தது எனக்கு. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த அப்பா, தரையில் ஊன்றியிருந்த தன் இடது கையைச் சட்டென்று இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். அவர் ஏன் கையை எடுத்தார் என்று நான் யோசிக்கவில்லை. அப்பா இன்னும் அந்தச் சுடர்க்காரியின் கட்சிதான் என்று முடிவு கட்டி, அழுதுகொண்டே வலது கையால் சாப்பிட்டேன்.