தள்ளிவிட்டால் ஓடும் கிரைண்டர்

எங்கள் மலையில் கிரைண்டரைத் தள்ளித்தான் விடுவோம். ஸ்விட்சைப் போட்டதும் அது உம்மென்று உறுமிக்கொண்டு நிற்கும். மாவு அரைபடும் உருளியின் விளிம்பைப் பிடித்து வெடுக்கென்று ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், ஓட ஆரம்பித்துவிடும். ஃபேனுக்கும் அதே வைத்தியம்தான், அதற்கு ஒரு கழி. இதை மிஷினின் குறை என்று யாரும் சொல்லமாட்டோம். கரண்ட்டின் குறை என்போம். "அடிவாரத்துலேர்ந்து ஏறி வர்றதுக்குள்ள கரண்ட்டுக்கே மூச்சு வாங்குது, நீ வேற அத்தத் திட்டாத" என்பார் என் வீட்டுக்காரர்.

ஜவ்வாது மலையில் பஸ் நிற்கும் இடத்தருகே எனக்கு ஒரு டிபன் கடை. இட்லி, தோசை, சாயங்காலம் போண்டா. பல வருஷமாக ஒரே கிரைண்டரில் அரைத்து ஓட்டினேன். கூட்டம் கொஞ்சம் கூடியதும் பெரிதாக ஒன்று வேண்டுமென்று ஆசை வந்தது. பழையதை விற்றால்தான் புதிது வாங்க முடியும். மலையில் யாரிடம் விற்பது? எல்லாருக்கும் எல்லார் வீட்டுச் சாமானும் தெரியும், பாதி விலைக்குக் கேட்பார்கள். அதனால்தான் போனில் பழைய சாமான் விற்கும் ஆப் ஒன்றில் போட்டேன்.

மிஷின் ஓடுவதை வீடியோ எடுத்துப் போடச் சொன்னது அந்த ஆப். ஒரு கை ஸ்விட்சுக்கு, ஒரு கை தள்ளுவதற்கு. போனைப் பிடிக்க மூன்றாவது கைக்கு நான் எங்கே போவேன்? ஆகவே தள்ளி ஓடவிட்டேன், முந்தானையில் கையைத் துடைத்தேன், பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தேன். வீடியோ தொடங்கும்போதே கிரைண்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். கீழே, 'நல்ல கண்டிஷன், ஒரு குறையும் கிடையாது' என்று எழுதினேன். எழுதும்போது எனக்குள் எந்தக் கள்ளமும் இல்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். கள்ளமெல்லாம் பின்னால்தான் வந்தது.

வாங்கியவள் மலைக்குக் கீழே கணியம்பாடிப் பக்கத்துப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும் என்று குரலில் தெரிந்தது. மகளிர் குழுவில் லோன் போட்டு மாவு பாக்கெட் வியாபாரம் தொடங்கப் போவதாகச் சொன்னாள். முதல் போனிலேயே அக்கா என்றாள். புளி ஏற்றிக்கொண்டு அமிர்தி வழியாக இறங்கும் டெம்போவில் கிரைண்டரைக் கட்டி அனுப்பினேன். பொருள் சரியாக இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் ஆப் எனக்குப் பணத்தை விடும்.

போய்ச் சேர்ந்த அன்றே கூப்பிட்டாள்.

"அக்கா, ஸ்விட்ச் போட்டா உம்முன்னு நிக்குதுக்கா. சுத்த மாட்டேங்குது."

"தள்ளிவிட்டியாம்மா?"

"எத்தத் தள்றது? கரண்ட்ல ஓட்றது தானக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டியில் குலுங்கி வந்திருக்கும், கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுப் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் காலை, கடையில் நெருக்கடியான நேரம். ஒரு பக்கம் தோசைக்கல் காய்கிறது, ஒரு பக்கம் பஸ் ஹாரன் அடிக்கிறது, சாம்பார் எங்கே என்று நாலு பேர் கத்துகிறார்கள். அப்போது அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மிஷின் பழுது, வீட்டுக்காரர் திருப்பி அனுப்பச் சொல்கிறார், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று.

எனக்குக் கோபம் மூக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். கரண்டியைப் போட்டுவிட்டு வாய்ஸ் மெசேஜில் பொரிந்து தள்ளினேன். "இன்னாம்மா நெனச்சுனு கீற? இத்தன வருசமா என் கடையில ஓடுன கிரைண்டரு, உன் வூட்டுக்கு வந்ததும் படுத்துக்குச்சா? கையால ஒரு தள்ளு தள்ளு, ஓடும். அதுகூடத் தெரியாதவ மாவு யாவாரத்துக்கு இன்னாத்துக்கு வந்த? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

தள்ளு என்றேனே தவிர, எங்கே தள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. விளிம்பைத் தவிர வேறெங்கும் கை போகக்கூடாது, சுற்றிவிட்ட நொடியே எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லவில்லை. எங்கள் மலையில் அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்புச் சுடும் என்று யாராவது சொல்லித்தருவார்களா?

சாயங்காலம் ஆப்பிலிருந்து தகவல். வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார், உங்கள் பதில் என்ன என்று. கூடவே ஒரு போட்டோ. வலது கையின் விரல்களில் தடித்த கட்டு, கட்டுக்கு வெளியே ரத்தக் கறை. அவள் புருஷன் எழுதியிருந்தார். மிஷின் தானாக ஓடவில்லை, கையை விட்டுத் தள்ளிப் பார்த்தபோது குழவிக்கும் உருளிக்கும் நடுவில் விரல் மாட்டிக்கொண்டது, இரண்டு விரலில் எலும்பு முறிவு என்று.

அந்தப் படத்தைப் பார்த்ததும் ஐயோ பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. எனக்கு வந்தது பயம். வாய்ஸ் மெசேஜை ஆப்பில் காட்டிவிட்டால்? போலீஸுக்குப் போய்விட்டால்? கை தானாகப் போனில் அந்த மெசேஜைத் தேடியது. அழுத்திப் பிடித்தேன். 'எல்லோருக்கும் நீக்கு' என்று கேட்டது. நீக்கினேன். அவள் விரல் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் இதைச் செய்தேன்.

அப்புறம் ஆப்புக்குப் பதில் எழுதினேன். மிஷின் நன்றாக ஓடும் வீடியோ இருக்கிறது, பாருங்கள். வாங்கியவர் இயக்கத் தெரியாமல் ஓடும் மிஷினில் கையை விட்டிருக்கிறார், அதற்கு நான் பொறுப்பில்லை. எழுத எழுத எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து, தகராறு உங்கள் பக்கம் முடிந்தது என்று செய்தி வந்தது. பணமும் வந்தது. வீட்டுக்காரர் கடையில் டீ குடித்தவர்களிடமெல்லாம், "எங்க வூட்டம்மாகிட்ட வெச்சுக்காதீங்க, ஆன்லைன் கேசே ஜெயிச்சவங்க" என்று கலாய்த்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வாய்ஸ் மெசேஜ் விஷயம் அவருக்குத் தெரியாது.

புது கிரைண்டர் வந்தது. கொண்டுவந்தவர் பழையது இருந்த இடத்திலேயே வைத்து, அதே பிளக்கில் செருகி, ஸ்விட்சைப் போட்டார். பழக்கத்தில் என் கை விளிம்புக்குப் போனது. கை போய்ச் சேர்வதற்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. அதே மலை, அதே கரண்ட். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், ஓடியது. ஊறவைத்த அரிசியைக் கொட்டிப் போட்டேன், அப்போதும் ஓடியது. கரண்ட்டுக்கு மூச்சும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. கெட்டுப்போன மிஷினைத்தான் நான் இத்தனை காலம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். அதையே ஒரு குறையும் கிடையாது என்று எழுதி ஒருத்தி தலையில் கட்டியிருக்கிறேன்.

அன்று மாவு அரைத்து முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"ஜெயிச்ச கேசுல போய் யாராச்சும் தோப்பாங்களா? வுடு. அவங்களே மறந்துருப்பாங்க."

"வெரல் ஒடஞ்சவ எப்படிய்யா மறப்பா?"

அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. டெம்போக்காரரிடம் வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டு, கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். அவள் திட்டுவாள், திட்டட்டும். செருப்பைத் தூக்கினாலும் வாங்கிக்கொள்வது என்றிருந்தேன். திட்டு வாங்கிவிட்டால் மனது லேசாகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

அவள் திட்டவில்லை. நான் யார் என்று சொன்னதும் ஒரு நொடி திகைத்தாள், பிறகு, "மலையிலேர்ந்தா வர்றீங்க? உள்ள வாங்கக்கா" என்றாள். ஒல்லியாக இருந்தாள். கட்டைப் பிரித்திருந்தார்கள். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன. அந்தக் கையைப் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. கூடத்தின் மூலையில் என் கிரைண்டர் இருந்தது. துடைத்துப் பொட்டு வைத்திருந்தாள்.

"உள்ள கெப்பாசிட்டர்னு சின்னதா ஒண்ணு போயிருந்துச்சாம்க்கா. அத்த மாத்துனதும் இப்போ தானா ஓடுது. ஆனா கைதான் ஒத்துழைக்கல. மாவக் கையால கலந்தாதானே புளிப்பு சரியா வருது? கரண்டியால கலந்தா எனக்குத் திருப்தியா இல்ல. ரெண்டு கடக்காரங்க எங்கிட்ட மாவு வாங்குறத நிறுத்திட்டாங்க."

நான் பணத்தை எடுத்து நீட்டினேன். அவள் பதறிப்போனாள்.

"இன்னாக்கா இது? மிஷின் ஓடுதே, பணம் எதுக்கு? வேணாம்க்கா."

"உன்னத் தள்ளச் சொன்னது நான்தானேம்மா. அப்படி ஒரு வார்த்த பேசியிருக்கக் கூடாது நானு."

"எனக்கு அப்போ அழுகதான்க்கா வந்துச்சு. ஆனா அன்னிக்கி சாயங்காலமே நீங்க அத்த அழிச்சிட்டீங்க, பாத்தேன். ஆஸ்பத்திரியில இருந்தேன். கோவத்துல பேசிட்டு மனசு கேக்காம அழிச்சிட்டாங்க, நல்ல மனசுக்காரின்னு நெனச்சேன். அதான் வூட்டுக்காரர்கிட்டகூட நீங்க பேசினத சொல்லல. சொல்லியிருந்தா அத்தயும் சேத்து எழுதியிருப்பாரு. நானாதான் கைய வுட்டேன்னு சொல்லிட்டேன்."

போனில் அந்த மெசேஜை நான் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பெண் என்னை நல்லவள் என்று நினைத்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றுவதற்காகப் புருஷனிடம் பொய் சொல்லியிருக்கிறாள். அவள் பொய்யும் என் பொய்யும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்துதான் நான் ஜெயித்திருக்கிறேன். பேசாமல் தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவள் மனதில் நல்லவளாகவே இருந்திருக்கலாம், பணமும் கைப்பையிலேயே இருந்திருக்கும். அந்த ஆசை எனக்கு வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன்.

"அதுக்காக அழிக்கலம்மா" என்றேன். "ஆப்புல காட்டிடுவீங்கன்னு பயந்துட்டு அழிச்சேன். உன் கைப் படத்தப் பாத்துட்டுதான் அழிச்சேன். அப்புறம் உனக்கு ஓட்டத் தெரியலன்னு எழுதிக் குடுத்தேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ மாவு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, நாளைக்கு வாங்க என்று திரும்பாமலே சொன்னாள்.

"அப்ப குடுங்க" என்றாள்.

நான் கொடுத்த பணத்தை இடது கையால் வாங்கினாள். எண்ணிப் பார்க்கவில்லை, எதிரிலிருந்த டப்பாவுக்குள் போட்டு மூடினாள். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன், அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள்.

"மல பஸ்ஸு இப்போ வந்துடும். கெளம்புங்கம்மா."

வாசலைத் தாண்டி வந்த பிறகுதான் உறைத்தது. உள்ளே நுழைந்ததிலிருந்து வாய்க்கு வாய் அக்கா அக்கா என்றவள், பணத்தை வாங்கிய பிறகு ஒரு தடவைகூட அக்கா என்று சொல்லவில்லை.