இடது முட்டி

தம்பிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பத்தொன்பது வருடம் அதில் இருந்தான். நின்றுபோன லிஃப்டின் கதவில் காதை வைத்துக்கொண்டு, யாரையாவது பொத்தானை அழுத்தச் சொல்வான். உள்ளே எழுகிற சத்தத்தை வைத்தே கோளாறு மேலேயா கீழேயா என்று சொல்லிவிடுவான். சொன்னால் சொன்னதுதான். அதில் அக்காவுக்குத் தலைகொள்ளாத பெருமை. அவள் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, சீருடை தைக்கும் கூடத்தில் பொத்தான் துளை போடும் காஜா எந்திரத்தில் உட்கார்ந்தவள். சட்டைக்கு ஏழு, கைக்கு ஒவ்வொன்று என்று வாழ்நாளில் எத்தனை லட்சம் காஜா எடுத்திருப்பாளோ, ஒன்றுகூட ஒரு நூல் தள்ளி விழுந்ததில்லை. அவள் வேலைக்குப் போன தைரியத்தில்தான் அவன் தொழிற்பயிற்சி முடித்தான். கூடத்தில் அவள் "எங்க தம்பி" என்று வாயைத் திறந்தாலே பக்கத்து எந்திரக்காரி, "ஆரம்பிச்சுட்டாடி, இன்னைக்கு எத்தனாவது மாடி?" என்பாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் அவன் கதவில் காதை வைத்தபோது எந்திரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சத்தம் கேட்டது. லிஃப்ட் கூண்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இறங்கிப் பார்த்தான். கிரீஸில் தோய்ந்த நாய்க்குட்டி ஒன்று, உள்ளங்கை அளவு. நட்டு போடுகிற தகர டப்பாவைக் கொட்டிவிட்டு அதில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அதனால் அதன் பெயர் நட்டு. வளர்ந்தும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. பழுப்பும் வெள்ளையுமாக, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து இருக்கும்.

நாய்களுக்கான போட்டிகள் நடக்கின்றன என்பது அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு கிடங்குக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஞாயிறு காலையில் ஒரு சங்கம் பழக்குகிறது என்று யாரோ சொல்லி, தம்பி போனான். போனவன் போனவன்தான். மொட்டைமாடியில் மிச்சக் குழாய்களை வெட்டித் தாண்டுகிற கட்டைகள் செய்தான். ஆறு கம்பங்களை வரிசையாக நட்டு, அவற்றுக்கு நடுவே பாம்புபோல வளைந்து ஓடப் பழக்கினான். நுழைந்து ஓடும் சுரங்கத்துக்கு அக்காதான் சீருடைத் துணி மிச்சத்தை ஒட்டித் தைத்துக் கொடுத்தாள். தடை தாண்டும் ஓட்டப் போட்டியில் நட்டு இரண்டு பதக்கம் வாங்கியது. ஆனால் தம்பியின் கண் கீழ்ப்படிதல் போட்டியில் இருந்தது. நாய் இடது முட்டியை ஒட்டியே நடக்க வேண்டும். நடுவர் "நில்" என்றதும் ஆள் நிற்க வேண்டும், நாய் உடனே உட்கார வேண்டும். ஒருமுறைதான் சொல்லலாம். மூன்று போட்டிகளில் தேறினால் பட்டம். நட்டு இரண்டில் தேறியிருந்தது.

"கத்தணும்னு இல்லைக்கா. குரல்ல ஒரு உறுதி இருக்கணும். அவன் என் குரலுக்குத்தான் கட்டுப்படுறான்" என்பான் தம்பி. அவன் மெல்ல "உட்கார்" என்பான். அந்தச் சொல் முடிவதற்குள் நட்டு உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

மூன்றாவது போட்டிக்கு முன்னால் அவன் விழுந்தான். பள்ளத்தில் இறங்கும் ஏணிப்படியில் கால் வழுக்கியது, அவ்வளவுதான். இடுப்பிலும் இடது தொடையிலும் எலும்பு முறிந்து, தகடு வைத்தார்கள். நான்கு மாதம் படுக்கை, பிறகு கைத்தாங்கி, பிறகு கைத்தடி. தடியை விட்ட அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டுத் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

இடது கால் ஒரு விரல் அகலம் குட்டையாகியிருந்தது. அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் முட்டி மடங்கி, உடம்பு சாய்ந்து இறங்கி ஏறியது. துணியில் ஒரு நூல் தப்பினால் கண்டுபிடிக்கிற கண் அவளுடையது.

"யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுடா" என்றாள்.

அதுவே வீட்டுச் சட்டமாயிற்று. தம்பி மனைவி அதையே சொன்னாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் அதையே சொன்னார்கள். காலுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர்கூட "பரவாயில்லையே" என்றார். தம்பி நம்பினான். நிறுவனத்தில் அவனுக்கு உட்கார்ந்த வேலை தருவதாகச் சொன்னார்கள். போனில் புகார் கேட்டு எழுதி, ஆட்களை அனுப்புகிற வேலை. "நான் என்ன கிழவனா, நாற்காலியில குந்திக்கிட்டு போன் எடுக்க? ரெண்டு மாசத்துல பள்ளத்துல இறங்குறேனா இல்லையா பாருங்க" என்று அந்தத் தாளை மடித்து அலமாரியில் போட்டுவிட்டான். இறங்கிவிடுவானோ என்பதுதான் அக்காவின் பயம். நடை சரியாகிவிட்டது என்று சொன்ன வாயால் இறங்காதே என்று எப்படிச் சொல்வது?

"மொதல்ல அந்த மூணாவது போட்டி. அதுல தேறிட்டா எல்லாம் பழையபடி ஆயிடுச்சுன்னு அர்த்தம்" என்றான்.

மைதானத்துக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, பதினான்கு அடி நடப்பதற்குள் நட்டு ஆறு முறை உட்கார்ந்தது.

யாரும் உட்காரச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு நடக்கும், உட்காரும், அவன் முட்டியைப் பார்க்கும். அவன் இழுத்தால் எழுந்து இரண்டடி வரும், மறுபடி உட்காரும்.

"உங்க நாய் ஏதோ போராட்டத்துல இறங்கிடுச்சு போலிருக்கே" என்றார் சங்கத்தை நடத்துகிறவர். எப்போதும் கழுத்தில் விசில் தொங்குவதால் அவரை எல்லோரும் விசில்காரர் என்பார்கள். "கோரிக்கை என்னன்னு கேளுங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். "நட்டு கழண்டுடுச்சு சார், வேற ஒண்ணுமில்லை" என்றான்.

அடுத்த ஞாயிறு அவன் சிரிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். ஆறு வருடத்தில் அவன் அப்படி இழுத்து அவள் பார்த்ததில்லை. நட்டு காதைப் படிய வைத்துக்கொண்டு, இன்னும் வேகமாக உட்கார்ந்தது. தான் மெதுவாக உட்கார்வதுதான் தப்பு என்று நினைத்ததுபோல.

"நாலு மாசம் நான் இல்லைல்ல, திமிரு வந்துடுச்சு" என்றான் வீட்டுக்கு வரும் வழியில். "இந்தப் போட்டியிலயும் இப்படிப் பண்ணினான்னா யாருக்காவது குடுத்துடுவேன்க்கா. பார்க்கப் பிடிக்கலை."

பயிற்சியைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தருவது அக்காவின் வேலை. நாயின் தப்பைக் கண்டுபிடிக்க அவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டு நாயை மட்டும் பார்ப்பான். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவள் எந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பழைய படங்களையும் புதிய படங்களையும் மாற்றி மாற்றிப் போட்டாள். அவள் நாயைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

விழுவதற்கு முன் எடுத்த படத்தில் தம்பி பன்னிரண்டு முறை நின்றான். பன்னிரண்டு முறையும், வாய் திறப்பதற்கு முன்பே, இடது முட்டி லேசாக மடங்கி உடம்பு ஒரு நூல் இறங்கியது. அது அவனுக்கே தெரியாத பழக்கம். முட்டி மடங்கியதும் நட்டு உட்கார்ந்தது. "உட்கார்" என்ற சொல் அதற்குப் பிறகுதான் வந்தது.

புதிய படத்தில் ஒவ்வோர் இடது அடிக்கும் முட்டி மடங்கியது.

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். நட்டு ஒரு தப்பும் செய்யவில்லை. அவன் உட்காரச் சொல்லிக்கொண்டே போகிறான். அது உட்கார்ந்துகொண்டே வருகிறது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் நாயைத் திட்டுவது நிற்கும். ஆனால் அவன் எப்படி நடக்கிறான் என்று, அவளே ஆஸ்பத்திரியில் மூடி வைத்ததை, அவளே திறக்க வேண்டும். போட்டிக்குப் பதினொரு நாள் இருந்தது. அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. மடங்குகிற முட்டியைப் பார்த்தும் உட்காராமல் இருக்க நாயைப் பழக்கிவிட்டால்? யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாமே.

மதியத்தில் அவன் உடற்பயிற்சிக்குப் போகிற நேரம் பார்த்து, கூடத்தில் அரைநாள் கேட்டுக்கொண்டு வந்தாள். நட்டை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். இடது செருப்பைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டி ஓரம் வைத்தாள். வலது காலில் தடித்த அடியுள்ள செருப்பு. அந்த ஏற்ற இறக்கத்தோடு, படத்தில் பார்த்த கணக்குக்கு முட்டியை மடக்கி மடக்கி, துணி காயும் கொடிகளுக்கு நடுவே நடந்தாள். நட்டு உட்கார்ந்தால் பேசாமல் நின்றாள். உட்காராமல் ஓரடி கூட வந்தால் அவித்த கோழித் துணுக்கு ஒன்று. முதல் நாள் எட்டுத் துணுக்குகூடச் செலவாகவில்லை. மூன்றாம் நாள் நட்டு தொடர்ந்து நான்கு அடி வந்தது. பாதி உட்கார்ந்து, பின்பக்கம் தரையைத் தொடுவதற்குள் சந்தேகத்தோடு எழுந்தது. அவள் இடுப்பு வலித்தது. ஒவ்வோர் அடிக்கும் இப்படியா வலிக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் உடற்பயிற்சிக்காரர் விடுப்பு. தம்பி பாதியில் திரும்பிவிட்டான். லிஃப்ட் கதவு திறந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

"என்னக்கா, கால்ல என்ன?"

அவள் அப்படியே நின்றாள்.

"ஒண்ணுமில்லைடா."

"ஒண்ணுமில்லையா? இப்படி நொண்டுற! எங்க விழுந்த? யார்கிட்டயும் சொல்லலையா? சுளுக்கு மாதிரி தெரியலையே, எலும்புல ஏதாவது..." என்றபடி பதறிக்கொண்டு அவளிடம் வந்தான். நட்டு ஓடிப்போய் அவன் இடது பக்கம் சேர்ந்துகொண்டது. அவன் ஓரடி வைத்தான். நட்டு உட்கார்ந்தது.

அவன் நாயைப் பார்த்தான். தொட்டி ஓரம் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தான். அவள் கையிலிருந்த கோழித் துணுக்குகளைப் பார்த்தான். கொடியில் ஒரு போர்வை காற்றில் படபடத்தது.

"இன்னொரு தடவை நட."

"வேண்டாம்டா."

"நடக்கா."

அவள் தொட்டியிலிருந்து சுவர்வரை நடந்தாள். அவன் கண்ணை எடுக்காமல் பார்த்தான்.

"நான் இவ்வளவா சாய்றேன்?"

"கொஞ்சம் கம்மியா."

"பொய் சொல்லாத."

அவள் குனிந்து செருப்பை எடுத்தாள். "இதைவிட ஒரு நூல் அதிகம்" என்றாள்.

அவன் தாண்டுகட்டையின் மேல் உட்கார்ந்தான். "அவளுக்கும் தெரியுமா?" என்றான். மனைவியைச் சொல்கிறான்.

"ம்."

"விசில்காரருக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்டா."

"மொதல்ல சொன்னது நீதான்க்கா. நீ சொன்னதாலதான் நான்..." நட்டின் மடிந்த காதை விரலால் நீவிவிட்டான். "இவனைப் போய்த் திட்டினேனே."

போட்டிக்குப் போகமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். போனான். மிச்சமிருந்த நாட்களில் மொட்டைமாடியில் தனியாக எதையோ பழகினான். அவளை மேலே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மைதானத்தில் வெள்ளைக் கோட்டுக்குள் அவன் முதல் அடி வைத்தபோது அவளுக்குப் புரிந்தது. இடது குதிகாலைத் தரையில் படவிடாமல், விரல்களின் மேல் நின்று, முட்டியைக் கட்டைபோல இறுக்கிக்கொண்டு நடந்தான். உடம்பு இறங்கவில்லை. சாயவில்லை. யார் பார்த்தாலும் நல்ல நடை. பத்தாவது அடியில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. பதினைந்தாவது அடியில் சட்டை முதுகோடு ஒட்டியது. நட்டு ஒருமுறைகூட உட்காரவில்லை. அவன் முட்டியை ஒட்டி, வாலை ஆட்டிக்கொண்டு, பழைய நட்டாக வந்தது. இருபத்து இரண்டு அடி. அக்கா எண்ணினாள்.

"நில்" என்றார் நடுவர்.

தம்பி நின்றான். "உட்கார்" என்றான். அதே குரல், அதே உறுதி.

நட்டு உட்காரவில்லை. நின்றபடியே அவன் இடது முட்டியைப் பார்த்தது. அவன் முகத்தைப் பார்த்தது. மறுபடி முட்டியைப் பார்த்தது. அந்தச் சொல்லை அது அன்றுதான் முதல்முறையாகக் கேட்பதுபோல இருந்தது.

தம்பி இன்னொரு முறை சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது விதி. இறுக்கி வைத்திருந்த காலை அப்படியே விட்டான். குதிகால் தரையில் பட்டது. முட்டி மடங்கியது. நட்டு டக்கென்று உட்கார்ந்தது.

நடுவர் அட்டையில் ‘தேறவில்லை’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

வெளியே வந்து, மைதானத்துச் சுவர் ஓரமிருந்த சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். விசில்காரர் பக்கத்தில் வந்து, அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தம்பியின் இடது கால் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"அவனுக்கு அந்த வார்த்தையே தெரியாதுக்கா. ஆறு வருஷமா நான் சும்மா வாயை அசைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"புதுசாப் பழக்கலாம்டா."

"பழக்கலாம்" என்றான். குரலில் அந்த உறுதி இல்லை. "அலமாரியில ஒரு தாள் இருக்கு. போன் எடுக்கிற வேலை" என்றான். "திங்கட்கிழமை போய் உட்கார்ந்துடறேன்."

நல்லதுடா என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் பள்ளத்தில் இறங்கிவிடுவானோ என்றுதானே பயந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

பேருந்து நிறுத்தம் பக்கத்தில்தான். தம்பி எழுந்து நடந்தான். விரல் மேல் நடக்க இனி அவனிடம் தெம்பு இல்லை. நட்டு உட்கார்ந்தது. அவன் நின்றான், காத்திருந்தான், அடுத்த அடி வைத்தான். நட்டு உட்கார்ந்தது. பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். எட்டு அடிக்குப் பிறகு அவன் கயிற்றை அக்காவிடம் நீட்டினான்.

"நீ கூட்டிட்டு முன்னால போ. என்னோட வந்தா அவன் வீடு போய்ச் சேர மாட்டான்."

அவள் கயிற்றை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நட்டு அவளோடு நேராக, ஒழுங்காக வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று அழுத்தி, ஒன்று மெல்ல. ஒவ்வோர் அழுத்தமான அடிக்கும் நட்டு கழுத்தைத் திருப்பி, உட்காரட்டுமா என்று கேட்பதுபோல, அவனைப் பார்த்துக்கொண்டே வந்தது.