பல்புகள் அணையும்வரை

ஒரு ஜெனறேற்றரை இன்னொன்றுடன் இணைத்து ஓட்டுவதாயின், அத்தியட்சகரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். மின்சார அலுவலகத்தில் இருந்த காலத்தில் இந்த விதியைப் பலருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பின் நானே அனுமதி கேட்டு எழுதினேன். போரால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிருந்தது. உடுவிலில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த சிறிய ஆஸ்பத்திரியில் ஒரேயொரு கிழட்டு ஜெனறேற்றர். அதற்குத் துணையாக இன்னொன்றை இணைக்கலாமா என்று மூன்று பிரதிகளில் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. மனைவிக்கு வயிற்றுக்குத்துத்தான் வந்தது.

அவளை ஒப்பரேசன் மேசையில் கிடத்திய பகலில் குண்டுவீசும் பொம்மர் சுற்றிக்கொண்டிருந்ததால் யன்னல்கள் எல்லாம் அடைபட்டிருந்தன. உள்ளே ஒரு விளக்கு, சீழ் உறிஞ்சும் மோட்டர் ஒன்று. மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனறேற்றர், மோட்டரைப் போட்டதும் இளைத்தது. அதன் வேகம் விழுந்தால் மின்சாரத்தின் அதிர்வெண்ணும் விழும்; மோட்டர் முனகிச் சூடாகி நின்றுவிடும்.

"வெளியிலை நிக்கிறவை!" டொக்டர் உள்ளிருந்து கத்தினார். "குடல்வால் வெடிச்சுக் கிடக்கு. கரண்டை ஒழுங்காத் தாங்கோ!"

கலியாண வீடுகளில் வீடியோப் படம் போடுகிறவர் தன் ஜெனறேற்றரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார்.

"ஐயா, இதை நிப்பாட்டிப் போட்டு என்ரையைக் குடுப்பமே?"

"உம்மடை தனிய இழுக்காது. ரெண்டும் சேரோணும்."

"சேத்தா வெடிக்குமெண்டு நீங்கள்தானே என்னை வெருட்டினனீங்கள்?"

"நேரம் பிழைச்சாத்தான்."

"படம் இடையிலை நிண்டா எனக்குக் கல்லுத்தான் விழும். இது நிண்டா..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சுவிச்சை வைத்து, அதற்குக் குறுக்கே இரண்டு பல்புகளைக் கட்டினேன். இரண்டு ஜெனறேற்றரும் ஒரே தாளத்துக்கு வரும்வரை பல்புகள் எரிந்து எரிந்து அணையும். முற்றாக அணையும் கணத்தில் சுவிச்சைப் போட வேண்டும். எரியும்போது போட்டால் இரண்டும் நின்றுபோகும். அவள் வயிறு திறந்தபடி இருட்டில் கிடப்பாள்.

இரண்டு இயந்திரங்களின் இரைச்சலில் பொம்மரின் சத்தம் கேட்கவில்லை. அது போய்விட்டதா, தலைக்கு மேலே நிற்கிறதா என்று தெரியாததுதான் பெரிய பயம் என்று நினைத்தேன். சுவிச்சில் கையை வைத்ததும் அந்த நினைப்பு மாறியது.

"உம்மடையின்ரை வேகத்தைக் கொஞ்சம் குறையும். இன்னும். காணும், இனிக் குறைக்காதையும்!"

பல்புகள் மெல்ல அணைந்தன. கை அசையவில்லை. திரும்பவும் எரிந்தன.

"ஐயா, அனுமதி வருமெண்டு பாக்கிறியளோ?" என்று அவர் அழுவாரைப் போலக் கேட்டார்.

மறுபடி அணைந்தபோது போட்டேன். ஒரு உலுக்கல். பிறகு இரண்டு இரைச்சலும் ஒன்றாயின. மோட்டரைப் போட்டபோது சத்தம் சற்றுத் தாழ்ந்து, தானே நிமிர்ந்தது. டொக்டர் வெளியே வந்து "தப்பியிட்டா" என்று சொல்லும்வரை நான் சுவிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

கடைசியில் அத்தியட்சகரின் பதில் வந்தது. இரண்டு இயந்திரங்களையும் பரிசோதனைக்காகக் கொழும்புக்குக் கொண்டுவந்தால் அனுமதி பற்றி யோசிக்கலாமாம். கடிதத்தை மனைவிதான் உரத்து வாசித்தாள்.

"என்னப்பா, இது வருமட்டும் என்னை அப்பிடியே திறந்து வைச்சிருக்கச் சொல்லியிருக்கலாமே?"

அன்று தைப்பொங்கலுக்கு முதல் நாள். அவள் வயிற்றை வெட்டியதற்கு அடுத்த வருடத்தில்.