இரண்டு வாளிகளோடு இறங்கிவந்த சரோஜா பெரியம்மா

கடந்த வியாழக்கிழமை பாடசாலை முடிந்து யட்டியாந்தோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, அம்மா சந்தியில் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் அங்கே வருவதே இல்லை. "சரோஜா பெரியம்மா போயிட்டாங்கம்மா" என்றார். ஆறு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துவிடுவார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

பெரியம்மா எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அடுத்த வீட்டுக்காரர். அம்மாவோடு ஒரே மலையில் இறப்பர் மரங்களில் பால் வெட்டியவர். அவரை அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எங்கள் மலையில் இரத்தம் உறிஞ்சும் அட்டை அதிகம். அதனால் எல்லோரும் பாலை ஒரே பெரிய வாளியில் நிரப்பி ஒரு கையில் தூக்குவார்கள். மற்றக் கை அட்டையைத் தட்டிவிட. நான் பிறப்பதற்கு முன் பெரியம்மாவும் அப்படித்தான் தூக்கினாராம். ஒரு நாள் நிறைந்த வாளியோடு வடிகானைத் தாண்டும்போது இடுப்பு சுளுக்கிக்கொண்டது. மூன்று மாதம் பாயை விட்டு எழும்பவில்லை. அதன் பிறகு பாலை இரண்டு சின்ன வாளிகளில் சமமாகப் பிரித்து, இரண்டு கைகளிலும் தூக்கினார். முழங்காலை மடக்கிக் குந்துவார். வாளிகளை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முதுகு வளையாமல் எழும்புவார்.

பால் நிறுக்கும் இடத்தில், "தராசு வருது, வழி விடுங்க" என்று கேலி செய்வார்கள்.

"தராசு சாயாது. சாஞ்சா நீங்கதான் என்னையத் தூக்கணும்" என்பார் பெரியம்மா, சிரிக்காமல். அட்டை கடித்த காலில் இரத்தம் வழிந்துகொண்டிருக்கும்.

விஞ்ஞானப் பாடத்தில் நெம்புகோல் படித்த அன்று, சுமை உடம்பை விட்டு விலக விலக இடுப்புக்குப் பாரம் கூடும் என்பதை ஓடிப்போய் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "இதக் கண்டுபிடிச்சவருக்கும் இடுப்பு புடிச்சிருக்கும் போல" என்றார்.

சென்ற மழைக்காலத்தில் அம்மாவின் இடுப்பும் பிடித்துக்கொண்டது. நிறைந்த வாளியைக் குனிந்தபடியே வெடுக்கென்று தூக்கியதுதான் காரணம். அப்பா இல்லாத வீடு. அம்மா எழும்பாவிட்டால் நான் படிப்பை விட்டு மலைக்குப் போகவேண்டும். அன்று பெரியம்மா தம் வாளிகளை மரத்தடியில் வைத்துவிட்டு, அம்மாவைக் கைத்தாங்கலாக லயத்துக்குக் கூட்டிவந்தார். அவர் திரும்பிப் போனபோது இருவருடைய பாலும் உறைந்து வீணாகிக் கிடந்ததாம். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஐந்து வாரம் கழித்து அம்மா வேலைக்குக் கிளம்பியபோது, பெரியம்மா தம்முடைய பழைய வாளிகள் இரண்டை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

"ரெண்டு கையிலயும் தூக்குனா அட்டை கடிக்குமே அக்கா" என்றார் அம்மா.

"கடிக்கட்டும் தங்கச்சி. அது குடிச்ச ரத்தம் ரெண்டு நாள்ல ஊறிடும். இடுப்பு போனா புள்ளயோட படிப்பும் போயிடும்."

வெள்ளிக்கிழமை பெரியம்மாவின் சவப்பெட்டியைத் தூக்க வந்தவர்கள் இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள். அம்மா அழுகையை நிறுத்தி, "குந்தி எழும்புங்க. எல்லாரும் ஒண்ணா" என்றார். தராசு என்று கேலி செய்தவர்களே முழங்காலை மடக்கி எழுந்தார்கள். படிகளில் இறங்கி முடிக்கும்வரை பெட்டி எந்தப் பக்கமும் சாயவில்லை.

திங்கட்கிழமை அம்மா அந்த இரண்டு வாளிகளோடு மலை ஏறினார். திரும்பி வந்தபோது காலில் மூன்று அட்டைக்கடி. நான் துடைத்துவிட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நாளைக்கும் நான் பாடசாலைக்குப் போகிறேன், பெரியம்மா. நீங்கள் போய் வாருங்கள்.